பையைக் கடைசியில் வாங்குங்கள், டீச்சர்

கேள்வி: அண்ணாச்சி, நான் தக்கலைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அரையாண்டு விடுமுறையில் நானும் கூட வேலை பார்க்கும் தோழியும் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் வரை சைக்கிளில் போகப் போகிறோம். திரும்பி வருவது ரயிலில். ராத்திரி தங்கல் லாட்ஜில்தான், கூடாரம் கிடையாது. என்னுடையது கியர் வைத்த ஹைபிரிட். அலுமினியம் ஃப்ரேம், முன்னால் ஷாக் அப்சார்பர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். கேரியர் இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு பை செட் பார்த்து வைத்திருக்கிறேன். ஜெர்மன் கம்பெனிப் பையின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஊரில் ஆட்டோ ஹூட் தைக்கிற அண்ணன் தார்ப்பாயில் தைத்துத் தருகிறேன் என்கிறார். வீட்டுக்காரரோ, “முதுகில் ஒரு பேக் மாட்டினால் போதாதா?” என்கிறார். மொத்தம் 12,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். எந்தப் பை, எத்தனை லிட்டர், வாங்கவா, தைக்கவா? மாமியாருக்கு உடன்குடிக் கருப்பட்டியும் பிள்ளைகளுக்குத் தூத்துக்குடி மக்ரூனும் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டேன், அதற்கும் இடம் வேண்டும்.

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தில் பையைப் பற்றி நாலு கேள்வி இருக்கிறது. கேரியரைப் பற்றி “இல்லை” என்று ஒரே வார்த்தை. என் கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான். பையின் நிறம் வரைக்கும் முடிவு செய்துவிட்டு, அதை எதில் தொங்கவிடுவது என்று கடைசியில் கேட்பார்கள். நான் தலைகீழாகச் சொல்கிறேன். முதலில் சாமான், அடுத்தது பின் சக்கரம், அப்புறம் கேரியர், பை கடைசியில். இந்த வரிசையில் போனால் பை தானாகவே முடிவாகிவிடும். பணமும் மிஞ்சும்.

எங்கள் அப்பா நாகர்கோவிலில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து மீன் விற்க வருகிறவர்களின் சைக்கிளும் அவரிடம்தான் ரிப்பேருக்கு வரும். கேரியரில் மரப்பெட்டி, அதற்குள் ஐஸும் மீனும், அதற்கு மேல் தராசு. ஐம்பது கிலோவுக்குக் குறையாது. அதை ஏற்றிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் பல வருஷம் ஓட்டினார்கள். அந்தச் சைக்கிளுக்குப் பின் சக்கரத்தில் 40 கம்பி, முன்னால் 32. கேரியரின் கால்கள் இறங்கி வந்து பின் ஆக்சிலின் நட்டிலேயே மாட்டியிருக்கும். ஆக மொத்தப் பாரமும் நேராக ஆக்சிலில் போய் உட்காரும். இன்றைக்கு வருகிற ஹைபிரிட்டில் கேரியர் நிற்பது ஃப்ரேமில் இருக்கிற சின்னத் துளைகளில், 5 மில்லிமீட்டர் போல்ட்டு இரண்டின் தயவில். சைக்கிள் நவீனமாகிவிட்டது, ஆனால் பாரம் தூக்குகிற விஷயத்தில் அது மீன்காரர் சைக்கிளுக்குப் பக்கத்தில் கூட வராது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டும்.

சாமானிலிருந்து தொடங்குவோம். லாட்ஜில் தங்கி, கடையில் சாப்பிட்டுப் போகிற ஒருவருக்கு ஒன்பது நாளானாலும் தொண்ணூறு நாளானாலும் சாமான் ஒன்றுதான். ஓட்டும்போது போட ஒரு ஜோடி, அதைத் துவைத்துப் போட்டால் மாற்ற இன்னொரு ஜோடி, ராத்திரிக்குத் தளர்வாக ஒரு உடை. ஒரு துவர்த்து, அதாவது மெல்லிய துண்டு. டர்க்கி டவல் வேண்டாம், அது காயாது, தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல் மாதிரி கனக்கும். மழைக்கோட்டு, செருப்பு, சோப்பு சீப்பு வகையறா, மருந்து, சார்ஜர். அப்புறம் டியூப் இரண்டு, பஞ்சர் சாமான், கைப்பம்பு, எல் கீ செட், உதிரி போல்ட்டு. தோழி கூட வருவதால் கருவிகளை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஆளுக்கு ஒரு பம்பு எதற்கு? எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எட்டு கிலோவைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுங்கள். பரீட்சைப் பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு வந்து ராத்திரி லாட்ஜில் திருத்தலாம் என்று ஒரு எண்ணம் வரும். வேண்டாம், டீச்சர்.

எட்டு கிலோ சாமானுக்கு நாலு பை எதற்கு? பை பெரிதாக இருந்தால் கை சும்மா இருக்காது. இடம் இருக்கிறதே என்று ஒரு சால்வை, இடம் இருக்கிறதே என்று இன்னொரு செருப்பு. ஜோடி 40 லிட்டர் என்று விற்கிறார்களே, அது கூடாரமும் அடுப்பும் கொண்டு போகிறவர்களுக்கு. உங்களுக்கு இரண்டு பையும் சேர்த்து 25-லிருந்து 30 லிட்டர் போதும். பக்கத்துக்கு 12 முதல் 15 லிட்டர். இதை முன்பக்கப் பை என்ற பெயரில் விற்பார்கள். பின்னால் மாட்டினால் சைக்கிள் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

முன்னால் இரண்டு பை என்பதை உங்கள் சைக்கிளைப் பார்த்தாலே மறந்துவிடலாம். ஷாக் அப்சார்பர் ஃபோர்க்கில் சாதாரண முன் கேரியர் பொருந்தாது. அதற்கென்றே வருகிற கிளாம்பு வைத்த கேரியர் உண்டு, ஆனால் எட்டு கிலோவுக்கு அந்தச் செலவு வீண். இன்னொரு காரணம் காற்று. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலை வரிசையாக நிற்பது சும்மா இல்லை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நாகர்கோவில் பக்கமாக எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவனுக்குத் தெரியும், இறக்கத்தில் கூட மிதிக்க வேண்டியிருக்கும். ஆனால் நீங்கள் போவது டிசம்பர் கடைசியில். அப்போது காற்று வடகிழக்கிலிருந்து. கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரம் இருப்பதும் வடகிழக்கில். அதாவது திருச்செந்தூர், தூத்துக்குடி, சாயல்குடி, ராமநாதபுரம் என்று போகப் போகக் காற்று முகத்தில்தான் அடிக்கும். கடற்கரைச் சாலை, மறைப்பு என்று பார்த்தால் பனைமரமும் உடைமரமும்தான். அகலமான பை இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தால் பாய்மரத்தைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு போகிற கதைதான்.

ஆகவே கேட்காத ஒரு யோசனை: திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ரயிலில் ராமேஸ்வரம் போய் இறங்குங்கள், அங்கிருந்து வீட்டைப் பார்த்து மிதியுங்கள். ஏறக்குறைய 350 கிலோமீட்டர், காற்று முதுகில். மாமியாரின் கருப்பட்டிக்கும் அதுதான் நல்லது. உடன்குடி உங்கள் வழியில் கடைசிப் பாதியில் வரும், கருப்பட்டியை ஊரெல்லாம் சுமக்க வேண்டாம், இரண்டு நாள் சுமந்தால் போதும். அந்த ரயில் தினமும் கிடையாது, வாரத்தில் சில நாள்தான். சைக்கிளை லக்கேஜ் வேனில் ஏற்ற வேண்டும் என்பதால் பார்சல் ஆபீசில் முன்கூட்டியே போய்க் கேட்டுவிடுங்கள். பையைச் சைக்கிளோடு விட்டுவிடாதீர்கள், கழற்றி உங்களோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் கழன்று கையில் வருகிற பைதான் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். லாட்ஜில் ரூம் எப்போதும் மாடியில்தான் கிடைக்கும் என்பது இன்னொன்று.

வீட்டுக்காரர் சொன்ன முதுகுப் பைக்கு வருவோம். சாரிடம் தன்மையாகச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்துக்குப் போய் வர அது சரி. எட்டு கிலோவை முதுகில் ஏற்றினால் அந்த எட்டு கிலோவும் உங்கள் இடுப்பு வழியாக சீட்டில் இறங்கும். முதல் நாள் தெரியாது. இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும்போது தெரியும். தோள் இறுகும், முதுகு வேர்த்து நனைந்துகொண்டே இருக்கும். பாரம் உயரத்தில் இருப்பதால் லாரி ஒன்று உரசிப் போகும்போது ஆட்டமும் அதிகம். பாரத்தை மனிதனிடமிருந்து வாகனத்துக்கு மாற்றத்தானே சக்கரம் வந்தது.

அடுத்து பின் சக்கரம். கம்பியை எண்ணிப் பாருங்கள். 36 இருந்தால் கவலை இல்லை, 32 இருந்தாலும் உங்கள் பாரத்துக்குப் போதும். 28 என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். எண்ணிக்கையை விட முக்கியம் இறுக்கம். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி விற்கிற சைக்கிளில் பெரும்பாலும் கம்பி தளர்வாகத்தான் இருக்கும். இறுக்கமான கம்பி அறுவதை விடத் தளர்ந்த கம்பி அறுவதுதான் அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகித் தளர்ந்து இறுகி, சக்கரத்தின் நடுவிலிருக்கிற ஹப்பில் வளைந்து நுழைகிற இடத்தில் உலோகம் களைத்துப்போய் ஒரு நாள் டிங் என்று போய்விடும். அதுவும் பின் சக்கரத்தில், பல்சக்கரம் இருக்கிற பக்கத்தில்தான் முதலில் போகும். அந்தக் கம்பியை மாற்ற கேசட்டை, அதாவது அந்தப் பல்சக்கர அடுக்கை, கழற்ற வேண்டும், சாயல்குடி ரோட்டில் நடக்கிற காரியமா? புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால் நல்ல கை ஒன்றிடம் கொடுத்து எல்லாக் கம்பியையும் சமமாக இறுக்கி, சக்கரத்தின் பெண்டு (கோணல்) எடுத்து வாங்குங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பையில் போடுகிற எந்தப் பணத்தையும் விட இந்தக் கூலி உங்களைக் காப்பாற்றும்.

இனி கேரியர். இதில்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் இதில் அடிபட்டவன்.

பல வருஷம் முன்னால் நான் தேக்கடி போய்விட்டுக் குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். பளபளவென்று ஒரு கேரியர், அதில் இரண்டு துணிப் பை. போல்ட்டை நானேதான் மாட்டினேன், மெக்கானிக் என்ற திமிர் வேறு. நாலாவது நாள் அது. அதிர்ந்து அதிர்ந்து இடது பக்க போல்ட்டு எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. ஒரு வளைவில் கேரியர் சாய்ந்தது. பையின் முதுகில் பலகை கிடையாது, வெறும் துணி. நேராகச் சக்கரத்துக்குள் போய்விட்டது. அஞ்சு கம்பி போச்சு, பை கிழிந்து என் வேட்டி சட்டையெல்லாம் மலைப்பாதையில். வேகம் குறைவாக இருந்ததால் முழங்காலோடு போயிற்று. கம்பம் திராட்சை ஏற்றப் போன ஒரு காலி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். டிரைவர் வழியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை, இறங்கும்போது மட்டும், “என்ன வேலை பாக்குறீங்க?” என்றார். சைக்கிள் மெக்கானிக் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதிலிருந்து நான் கற்றதைத்தான் சொல்கிறேன். கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும். 25 கிலோ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். உங்கள் சாமான் எட்டோ பத்தோதான், ஆனால் குழியில் இறங்கும்போது பத்து கிலோ பத்து கிலோவாக இருக்காது. இரும்பா அலுமினியமா என்றால், கைக்கு அடங்கின விலையில் ஸ்டீல் கேரியர் கிடைத்தால் யோசிக்காதீர்கள். முறிந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் பற்றவைத்துத் தருவார்கள். அலுமினியத்தை ரோட்டோரப் பட்டறையில் ஒட்ட முடியாது. குச்சி வைத்துப் பழைய டியூப் வாரால் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் ஊர் வந்து சேர வேண்டும். அலுமினியம்தான் கிடைக்கிறது என்றால் கம்பி தடிமனானதாக, பக்கவாட்டில் மூன்று கால் இறங்குகிறதாகப் பாருங்கள். சீட் போஸ்டில் மட்டும் கவ்விக்கொண்டு காற்றில் நிற்கிற ஒற்றைக் கை கேரியர் சாப்பாட்டு டப்பாவுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

உங்கள் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இருக்கிறது. பின் பிரேக்கின் காலிபர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) ஃப்ரேமுக்கு உள்ளே, இரண்டு குழாய்க்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் அதிர்ஷ்டம், எந்தக் கேரியரும் சேரும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கேரியரின் கால் அதில் இடிக்கும். உடனே கடைக்காரர் ஒரு குழல் துண்டை இடையில் போட்டு நீள போல்ட்டு மாட்டித் தருவார். அது ஓடும், ஆனால் போல்ட்டு ஃப்ரேமை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு அது வளையப் பார்க்கும். டிஸ்க் பிரேக்குக்கென்றே கால் அகலமாக வளைத்துவிட்ட கேரியர் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

போல்ட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். தூத்துக்குடி உப்பளக் காற்று இரண்டே நாளில் சாதா போல்ட்டுக்கு மஞ்சள் பூசிவிடும். மரையில் லாக் செய்கிற திரவம் ஒரு சொட்டு, அல்லது உள்ளே இடம் இருந்தால் நைலான் வைத்த நட்டு. ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்பாதீர்கள். தினமும் காலையில் டீ குடிக்கும் முன் எல் கீயை எடுத்து நாலு போல்ட்டையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். நான் அன்றைக்குச் செய்யாதது இந்த அரை நிமிஷ வேலையைத்தான். உதிரி போல்ட்டு இரண்டு, பிளாஸ்டிக் டை பத்து, பழைய டியூபில் வெட்டின வார் இரண்டு முழம். இவை எப்போதும் பையில் கிடக்கட்டும்.

இப்போது பை. இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, மேலே வாயைச் சுருட்டி மடக்கிப் பக்கிள் போடுகிற தண்ணீர் புகாத பை. துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு, மூட்டுகளைத் தைக்காமல் சூட்டில் உருக்கி ஒட்டியிருப்பார்கள். நீங்கள் விலை கேட்டு மலைத்த ஆர்ட்லீப் இந்த ஜாதிதான். 1982-ல் தொடங்கிய கம்பெனி. நிறுவனர் மழையில் நனைந்த ஒரு சைக்கிள் பயணத்தில் லாரித் தார்ப்பாயைப் பார்த்து, இதில் பை தைத்தால் என்ன என்று வீட்டுத் தையல் மெஷினில் ஆரம்பித்ததாகத்தான் அதன் கதை. ஆகவே உங்கள் ஆட்டோ ஹூட் அண்ணன் ஒன்றும் அசட்டு யோசனை சொல்லவில்லை, சரியான வழியில்தான் போயிருக்கிறார். இன்னொரு ஜாதி, சாதாரணத் துணிப் பை, நாலு ஜிப், நாலு பாக்கெட், மழைக்கு மேலே ஒரு உறை.

சுருட்டுப் பையின் நல்லது எல்லோருக்கும் தெரியும். கெட்டதை யாரும் சொல்வதில்லை. தண்ணீரை உள்ளே விடாத பை ஈரத்தையும் வெளியே விடாது. வேர்த்த சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சாயங்காலம் திறந்தால் வீடே எழுந்து ஓடும். ஒரே குழி என்பதால் அடியில் போன சாமானுக்கு எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும். துணிப் பையில் எது எங்கே என்று கை தானாகப் போகும். ஆனால் மழை உறை பின்பக்கத்தை மூடாது. சக்கரம் கீழேயிருந்து வாரி அடிக்கிற சேறு அந்த வழியாகத்தான் வரும். சைக்கிளில் மட்கார்டு இருந்தால் பாதி மழை பையைத் தொடவே தொடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஹைபிரிட்டுக்கு அதையும் போட்டுவிடுங்கள், நூறு இருநூறில் முடிகிற வேலை இல்லைதான், இருந்தாலும் போடுங்கள்.

என் முடிவு: டிசம்பர் கடைசியில் அந்தக் கரையில் மழை பெய்தாலும் நாள் முழுக்கப் பெய்வது அபூர்வம். அதற்காக அஞ்சு இலக்கத்தில் பணம் கொட்ட வேண்டாம். வருஷத்துக்கு மூன்று பயணம் போவேன், ஆனி ஆடி மழையிலும் போவேன் என்று உறுதியாக இருந்தால் அந்த ஜெர்மன் பையை ஒருமுறை வாங்கி உங்கள் பிள்ளைகள் காலம் வரை ஓட்டலாம். முதல் பயணத்துக்குத் தார்ப்பாய்ப் பையே போதும். ரப்பர் மரத்துக்கே ரெயின் கார்டு ஒட்டி மழையில் பால் எடுக்கிற ஊர் நம்முடையது, ஒரு பையை நனையாமல் வைத்துக்கொள்ள முடியாதா? தையல் ஊசி போன ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் கசியும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, உள்ளே ஒரு கனமான பாலிதீன் உறையை விட்டு அதற்குள் துணியை வைத்து வாயை முறுக்கிக் கட்டிவிடுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் தைக்கிற அண்ணனிடம் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலாவது, முதுகுப் பலகை. பையின் உள்பக்கம், சக்கரத்தைப் பார்க்கிற முகத்தில், வளையாத பிளாஸ்டிக் ஷீட் ஒன்று முழு உயரத்துக்கும் இருக்க வேண்டும். இரண்டாவது, கொக்கி. அவர் வளைத்த இரும்புக் கொக்கியைத் தருவார், வேண்டாம். குழியில் துள்ளினால் கழன்றுவிடும். பூட்டு வைத்த பிளாஸ்டிக் கொக்கி தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறது. மேலே இரண்டு, கீழே கேரியரின் காலைப் பிடிக்க ஒன்று. வாங்கும் முன் கேரியர் கம்பியின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். கொக்கிகள் பெரும்பாலும் 8-லிருந்து 16 மில்லிமீட்டர் வரை எடுக்கும், இடைவெளி இருந்தால் உள்ளே போடத் துண்டு தருவார்கள். துண்டு போடாமல் விட்டால் பை கடகடவென்று ஆடி உங்களுக்கும் பைத்தியம் பிடிக்கும், கேரியரும் தேயும். மூன்றாவது, முன்பக்கக் கீழ் மூலையைச் சரித்து வெட்டச் சொல்லுங்கள். குதிகால் போய் இடிக்கிற இடம் அது. மேல் வாயைப் பத்து அங்குலம் கூடுதலாக விட்டு மூன்று மடிப்புச் சுருட்டி மூடுகிற மாதிரி தைத்துவிட்டால் ஜிப்பே வேண்டாம். ஜிப்புதான் முதலில் கெடும் சாமான்.

இரண்டு பையையும் நடுவில் ஒரு துணியால் இணைத்துக் கழுதைப் பொதி மாதிரி கேரியர் மேல் போடுகிற ஒன்று விலை குறைவாகக் கிடைக்கிறது. கழுதைக்கு அது சரியாக உட்காரும், அதற்கு விலா இருக்கிறது. கேரியரில் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நழுவும், ஒன்றை மட்டும் கழற்றவும் முடியாது. வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிற பையும் இப்போது நாகரிகம். அது கேரியர் மாட்ட வழியில்லாத சைக்கிளுக்கு. உங்களுக்குத் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பின் ஆக்சிலுக்கு மேலே இரண்டு, சீட்டுக்குக் கீழே இரண்டு.

ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பை கட்டாயம், அஞ்சாறு லிட்டர். பணம், போன், அடையாள அட்டை எல்லாம் அதில். நிறுத்தினால் அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போகலாம். இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், ஹேண்டில் கனத்தால் சைக்கிள் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பிரேக் கேபிளை அது நெருக்குகிறதா, விளக்கை மறைக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பைதான் மக்ரூனுக்கும். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்ந்த அந்தச் சாமான் பின் கேரியரில் வந்தால் வீட்டுக்கு வருவது மாவுதான். ஹேண்டில்பாரில், டப்பாவுக்குள், உங்கள் ஷாக் அப்சார்பரின் தயவில் வரட்டும். அந்த ஷாக் அப்சார்பருக்கு இந்தப் பயணத்தில் நான் பார்க்கிற ஒரே உருப்படியான வேலை அதுதான்.

அடுக்கும்போது கனமானது அடியில், சக்கரத்தின் ஆக்சிலுக்கு நேராக. கருவி, டியூப், கருப்பட்டி எல்லாம் அங்கே. கருப்பட்டியை வாங்கியதும் பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், கடல் காற்றில் அது வேர்க்கும். ஒரு பக்கம் மட்டும் வைக்காமல் இரண்டாகப் பிரித்து வையுங்கள், இடது வலது வித்தியாசம் அரைக் கிலோவுக்குள் நிற்கட்டும். பையைக் காலியாகக் கொஞ்சம் விட்டுப் புறப்படுங்கள், மாமியாருக்குக் கொடுத்த வாக்கு இரண்டு கிலோ என்றால் அந்த இடம் முதல் நாளிலிருந்தே காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் தனிக் கணக்கு. தூத்துக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் கடை இல்லாத நீளம் வரும், ஆளுக்கு இரண்டு லிட்டராவது ஃப்ரேமில் மாட்டிய பாட்டிலில் இருக்கட்டும். பின் சிவப்பு விளக்கைச் சீட்டுக் கம்பியில் மாட்டினால் பை மறைத்துவிடும், கேரியரின் கடைசியில் மாட்டுங்கள்.

பணக் கணக்கு இது: 12,000-ல் பாதியை கேரியர், போல்ட்டு, மட்கார்டு, சக்கர வேலைக்கு ஒதுக்குங்கள். மீதியில் தார்ப்பாய், கொக்கி, தையல் கூலி, ஹேண்டில்பார் பை எல்லாம் வந்து கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சினதைப் பையில் போடாதீர்கள், நல்ல பின் டயர் ஒன்றில் போடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பாருங்கள். பக்கத்துக்கு அஞ்சு கிலோ அரிசிப் பையைப் போட்டு, பின் டயரில் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் காற்று அடித்து (டயரின் பக்கத்தில் போட்டிருக்கிற அளவைத் தாண்ட வேண்டாம்), தக்கலையிலிருந்து குலசேகரம், திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், திருவட்டாறு என்று ஒரு சுற்று. ரப்பர் தோட்டத்து மேடு பள்ளம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். இறக்கத்தில் சைக்கிளின் பின்பக்கம் வாலாட்டுகிற மாதிரி இருந்தால் கொக்கி தளர்வு, அல்லது பாரம் ரொம்பப் பின்னால் போய்விட்டது. டக் டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் போல்ட்டு. பை ஓரத்தில் குதிகால் தட்டினால் கொக்கியை நகர்த்திப் பையைப் பின்னால் தள்ளுங்கள். தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள், உங்கள் பின்னால் வருகிறவர் கண்ணுக்குத்தான் ஆட்டம் தெரியும்.

கேரியர் மாட்ட என்னிடமே கொண்டுவருவதாக இருந்தால் ஞாயிறு மதியம் வரை கடை திறந்திருக்கும். பயணத்தில் போடப்போகிற ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு வாருங்கள். செருப்போடு வந்து அளவு பார்த்துவிட்டுப் போய், ஷூ போட்டதும் குதிகால் இடிக்கிறது என்று திரும்பி வந்தவர்கள் நிறைய.